டப்

புளியங்கொட்டையளவு சிப்.
இருபத்துநாலு வோல்ட் கொடுத்தால்
ஜன்னல் கம்பி நடுங்கும்.
திறந்தும் மூடியும் நொடிக்கு நாலு லட்சம் முறை
பாட்டைப் பொடிப்பொடியாய் நறுக்கி
செம்புச் சுருளில் வடித்து
மறுபடி பாட்டாக்கித் தரும். கை சுடாது.

பெட்டி, மார்த்தாண்டம் ஆக்கர் கடையில் வாங்கிய
செத்துப்போன யூபிஎஸ்ஸின் தகரம்.
கருங்கல் மொபைல் கடையில் பகலெல்லாம்
ஊரார் போனுக்குக் கண்ணாடி மாற்றுகிறேன்.
இரவு பத்துக்கு மேல் மேசை எனக்கு.
தூத்தூர் உப்புக்காற்று
இரண்டே வாரத்தில் ஈயத்தை வெளுக்க வைக்கும்.
அதனால் ஒவ்வொரு பற்றுக்கும் நகப்பூச்சு.
சிவப்புதான். வேறு நிறம் வீட்டில் இல்லை.

ஒரே குறை:
சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கர்
டப் என்று ஓர் அறை வைக்கும்,
பாட்டு அதற்குப் பிறகுதான்.
நாற்பது நாள் நான் மட்டும் கேட்டபோது
அது வெறும் சத்தம்.

ததேயூஸ் கரைக்கு வந்த மூன்றாம் இரவு
உறங்கிவிட்டான் என்று நினைத்துப் போட்டேன்.
டப்.
பாயில் கிடந்தவன் கதவருகில் நிற்கிறான்.
லுங்கி கையில். கண் இன்னும் திறக்கவில்லை.
"வின்சா! பெலிக்ஸே! எட்டே, கப்பலு!"

ராத்திரிக் கடலில் பெரிய கப்பலுக்கு
விசைப்படகு மிதக்கிற தேங்காய்.
இடித்ததே தெரியாமல் போய்விடும்.
இதையெல்லாம் அவன் சொல்லவில்லை.
லுங்கியைக் கட்டினான். தண்ணீர் கேட்டான்.
கொடுத்தேன்.
பெலிக்ஸ் இல்லாமல் போய் இரண்டு வருடம் என்பது
எனக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து பாட்டே கேட்கவில்லை.
போடு, அணை, போடு, அணை.
ஸ்பீக்கரை மடியில் வைத்து
கூம்பின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வேன்,
காதுக்கு வரும் முன்னே கைக்கு வரட்டும் என்று.
கரண்ட் வந்ததும் கப்பாசிட்டர் நிறையக்
கொஞ்சம் பொழுது வேண்டும்.
அதற்குள் சிப் வாயைத் திறந்துவிடுகிறது.
காலிக் குழாயில் மோட்டார் போட்டால்
முதலில் காற்று இடிக்குமே, அதே கதை.

மியூட் காலைப் பிடித்து நிறுத்தினேன்:
பத்து மைக்ரோ, நூறு கே, ஒரு நொடி.
டப் தேய்ந்து டொக் ஆனது.
கப்பாசிட்டரை மாற்றினேன். டொக்.
எர்த் கம்பியைத் தனியே இழுத்தேன். டொக்.
அவன் எழும்ப டொக்கும் போதும்.

கடைசியில் ரிலே வைத்தேன்.
ஸ்பீக்கர் கம்பியைப் பிரித்து வைத்திருந்து
மூன்று நொடி கழித்துச் சேர்க்கும்.
உள்ளே என்ன இடித்தாலும் வெளியே சேதி போகாது.
மேசையில் வளையல் பட்ட மாதிரி ஒரு டிக்.
அன்றிரவு நாலு தடவை போட்டு அணைத்தேன்.
புரண்டு படுத்தான், அவ்வளவுதான்.

படகுக்கும் ஒன்று கேட்டான்.
பன்னிரண்டு வோல்ட் பாட்டரிக்கு ஏற்ற மாதிரி
இரண்டு இரவில் முடித்தேன், ரிலேயோடு.
தேங்காப்பட்டணம் போக ஆட்டோ வந்து நிற்கிறது,
அவன் போட்டுப் பார்க்கிறான்.
ஒன்று, இரண்டு, மூன்று, டிக்.

"இதுல அந்தச் சத்தம் இல்லியா?"
"எடுத்தாச்சு."
"திருப்பி வை. ராத்திரி வீலு பிடிக்கவன்
சொக்கிப் போவான் கேட்டியா.
மணிக்கொருக்கா போட்டா
கிடக்கவனும் எழும்புவான்."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.
மூடியில் நாலு ஸ்க்ரூ.
ரிலேயைப் பிடுங்கிக் கம்பிகளை நேராய் முறுக்கினேன்.
மியூட் காலையும் அதன் பாட்டில் விட்டேன்.
டப்.
"ஆங்," என்றான். சிரித்த மாதிரி இருந்தது.

பிடுங்கிய ரிலே கைப்பையில்
சில்லறையோடு கிடக்கிறது.
நேற்று மினிபஸ்ஸில் அதையும் சேர்த்து நீட்டிவிட்டேன்.
கண்டக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
"இது எந்த ஊருக் காசு?"